செமி ஆட்டோ ஷாட்கன்னில் உதிரித் தோட்டாவை எங்கே மாட்டுவது? கேள்வி பதில்

அமெரிக்காவில் சட்டப்படி ஷாட்கன் வைத்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். எல்லாமே 12 கேஜ் (குழலின் அளவு) செமி ஆட்டோ பற்றியவை, அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. உதிரித் தோட்டாக்களைத் துப்பாக்கியிலேயே பிடித்து வைக்கும் தாங்கி எதுவானாலும் மாட்டுவதற்கு முன் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். சேம்பரையும் (சுடப்போகும் தோட்டா உட்காரும் இடம்) மேகஸின் குழாயையும் (மற்றத் தோட்டாக்கள் காத்திருக்கும் குழாய்) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

கேள்வி: பெரெட்டா 1301 வாங்கியிருக்கிறேன், வீட்டுப் பாதுகாப்புக்குத்தான். அலுமினிய சைட் சேடில், வெல்க்ரோ கார்டு, தோளில் வைக்கும் கட்டையில் மாட்டும் எலாஸ்டிக் உறை என்று மூன்று வகை பார்த்தேன். எதை வாங்கட்டும்?

வெல்க்ரோ கார்டு. துப்பாக்கியின் நடு உடலான ரிசீவரின் இடது பக்கத்தில் ஒரு பட்டை ஒட்டிவிட்டால் போதும், துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. தோட்டா தீர்ந்ததும் கார்டையே கழற்றி, நிரப்பிய இன்னொன்றை ஒட்டலாம். சுத்தம் செய்ய டிரிகர் பாகத்தைக் கழற்றும்போதும் எதுவும் குறுக்கே நிற்காது. கார்டில் தோட்டாவைப் பிடிக்கும் எலாஸ்டிக் நாளடைவில் தளரும் என்பதுதான் குறை. தளர்ந்தால் கார்டை மட்டும் மாற்றினால் போதும்.

ரிசீவரின் பக்கவாட்டில் பொருத்தும் அலுமினிய சேடில் உறுதியானது. வெயில், மழை, தரையில் உருளுதல் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அதைத் திருகுகளால் பிடிக்க வேண்டும், எடையும் கூடுதல். கட்டையில் மாட்டும் உறையை நான் பரிந்துரைப்பதில்லை. கன்னம் வைக்கும் இடத்துக்கு அருகில் துருத்தி நிற்கும். சுடச் சுட மெல்ல நகரும்.

கேள்வி: பெனெல்லி எம்2 வைத்திருக்கிறேன் அண்ணா. 6 தோட்டா பிடிக்கும் சேடில் மாட்டிய பிறகு, களிமண் தட்டு சுடும் லேசான தோட்டாக்கள் சில நேரம் சிக்குகின்றன. சேடிலைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது. துப்பாக்கியில் ஏதாவது பழுதா?

பழுது இல்லை தம்பி. அந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதமே அப்படித்தான். எம்2 சுடும்போது வரும் வாயுவில் இயங்குவது அல்ல, பின்னுதைப்பில் இயங்குவது. புரூனோ சிவோலானி வடிவமைத்த முறை இது. 1967இல் இத்தாலியின் உர்பினோவில் பெனெல்லி நிறுவனம் தொடங்கியதே இதை வைத்துத்தான். சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் பாய்கிறது. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகமான போல்ட்டின் கனமான உடல் மட்டும் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டில் போல்ட் தலைக்குப் பின்னால் உள்ள சிறிய, விறைப்பான ஸ்பிரிங் அமுங்குகிறது. அது விரியும்போது பூட்டு திறந்து போல்ட் பின்னால் ஓடுகிறது.

துப்பாக்கியின் எடை கூடினால் அது பின்னால் பாயும் வேகம் குறையும். ஸ்பிரிங்கும் குறைவாகவே அமுங்கும். பக்ஷாட் (பெரிய குண்டுகள் கொண்ட) தோட்டா ஒன்று சுமார் 45 முதல் 50 கிராம். ஆறு சேர்ந்தால் கால் கிலோவைத் தாண்டும், அதன் மேல் சேடிலின் எடை வேறு. பக்ஷாட்டும் ஒற்றைக் குண்டு கொண்ட ஸ்லக்கும் பலமாக உதைப்பதால் இதைச் சமாளித்துவிடும். லேசான தட்டுத் தோட்டாவிடம் அந்த மிச்ச பலம் இல்லை.

4 தோட்டா கார்டுக்கு மாறுங்கள். தட்டு சுடப் போகும் நாளில் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தோளில் தளர்வாக வைத்தாலும் இதே சிக்கல் வருமா என்று சிலர் கேட்டார்கள். அதனால் வராது. எம்2 நன்றாகப் பின்னால் நகர வேண்டும் என்பதுதான் விஷயம், எனவே அதைச் சுவரிலோ மணல் மூட்டையிலோ முட்டுக் கொடுத்துச் சோதிக்காதீர்கள்.

பெனெல்லி எம்4, பெரெட்டா 1301, மோஸ்பெர்க் 940 ஆகியவை வாயுவில் இயங்குபவை. அவற்றில் எடையால் வரும் தொல்லை மிகக் குறைவு.

கேள்வி: அப்பா காலத்து ரெமிங்டன் 1100 ஒன்று கிடைத்தது. டிரிகர் பாகத்தைப் பிடிக்கும் பின்களுக்குப் பதில் திருகு போடும் சேடில் மாட்டினேன். இப்போது போல்ட்டைக் கையால் இழுத்தால் இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம். திருகை அதிகம் முறுக்கியிருக்கிறீர்கள். ரிசீவர் ஒரு பெட்டி மாதிரி. இரு பக்கமும் திருகால் இறுக்கினால் சுவர்கள் உள்ளே இழுபட்டு, நடுவில் ஓடும் பாகங்களைப் பிடிக்கும். பம்ப் துப்பாக்கியில் கை பலத்தால் அந்தப் பிடிப்பை மீறிவிடுவோம், அது தெரியவே தெரியாது. செமி ஆட்டோவுக்கோ ஒரு தோட்டா தரும் சக்தி மட்டும்தான் கையிருப்பு. சின்ன உரசலும் அதிலிருந்துதான் கழியும்.

திரும்பவும் முதலிலிருந்து செய்யுங்கள். போல்ட்டை மூடி, சேஃப்டியைப் போடுங்கள். முன்பக்கத் திருகை எடுத்துப் போட்டு முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் டிரிகர் பாகம் நகர்ந்து துளைகள் நேர்க்கோட்டில் இருக்காது. சேடில் ரிசீவரில் படிந்து உட்கார்ந்ததும் திருகுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துப் பாருங்கள். சேடில் இல்லாதபோது எப்படி ஓடியதோ அப்படியே ஓட வேண்டும். கொஞ்சம் கனத்தாலும் கால் சுற்று பின்னால் வாருங்கள். தயாரிப்பாளர் இன்ச் பவுண்டில் முறுக்கு அளவு கொடுத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

திருகு கழன்றுவிடுமோ என்ற பயத்தில்தான் எல்லோரும் அதிகம் முறுக்குகிறார்கள். அதற்குத்தான் நீல நிற திரெட் லாக்கர் இருக்கிறது. மரையில் ஒரு துளி போதும், மரைக்கு வெளியே வழியக் கூடாது, டிரிகர் பாகத்துக்குள் இறங்கிவிடும். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு வைக்க வேண்டியிருக்கும். 1100இன் ரிசீவர் எஃகு. அலுமினிய ரிசீவர் உள்ளவர்கள் இன்னும் மெதுவாகக் கை வையுங்கள்.

அப்புறம், சேடில் மாட்டிய நிலையில் ஃபோரெண்ட் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் பாகம்) கழல்கிறதா என்று பாருங்கள். 1100இல் வாயு செல்லும் பாகங்களும் சின்ன ரப்பர் வளையமும் அதற்குள்தான் இருக்கின்றன. அங்கே சுத்தம் செய்ய முடியாதபடி மறைக்கும் சேடில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தாங்கியில் வைக்கும்போது தோட்டாவின் பித்தளை அடிப்பகுதி மேலே இருக்க வேண்டுமா, கீழேயா?

பித்தளை கீழே இருந்தால் தோட்டாவைக் கீழ்நோக்கி உருவுவோம். கை நேராகத் துப்பாக்கியின் அடியில், குழாயை நிரப்பும் வாய்க்கு அருகில் வந்துவிடும். வேகம் அதிகம். ஆனால் தோட்டாவைப் பிடித்து வைப்பது தாங்கியின் இறுக்கம் மட்டும்தான். பித்தளை மேலே இருந்தால் அகன்ற விளிம்பு தாங்கியின் மேல் தட்டி நிற்கும், கீழே நழுவாது. புது அலுமினிய சேடிலில் எல்லாம் கீழே வைக்கலாம். பழகிய எலாஸ்டிக்கில் மேலே வையுங்கள். ஸ்லக் ஒன்று வைப்பதானால் அதை மட்டும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் முதல் இடத்தில் வையுங்கள், இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

கேள்வி: ஒட்டிய வெல்க்ரோ பட்டை இரண்டே நாளில் உரிந்துவிட்டது.

எண்ணெய்ப் பசைதான் காரணம். ரிசீவரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துணி கறுப்பது நிற்கும் வரை துடையுங்கள். உலர்ந்ததும் ஒட்டி, நன்றாக அழுத்தி, ஒரு முழு நாள் கார்டு மாட்டாமல் விடுங்கள். பட்டை டிரிகர் பின் துளையை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இடது கைக்காரன்.

வலது பக்கம் வெற்றுக் குப்பி வெளியேறும் துப்பாக்கி என்றால் தாங்கி இடது பக்கம்தான் வர முடியும். உங்கள் வலது கை அடியில் சுற்றி வந்து எடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இடுப்புப் பட்டையில் மாட்டும் தாங்கியே நல்லது.

கேள்வி: வாத்து வேட்டையில் 3 தோட்டா வரம்பு உண்டே. சேடிலில் இருப்பவையும் அதில் சேருமா சார்?

வலசைப் பறவைகளுக்கான ஃபெடரல் விதி துப்பாக்கிக்குள் கொள்ளும் அளவைப் பற்றியது: சேம்பரும் மேகஸினும் சேர்ந்து 3. அதற்காகக் குழாயில் பிளக் (இடத்தை அடைக்கும் துண்டு) போட வேண்டும். சேடிலில் இருப்பவை இந்தக் கணக்கில் வராது. மாநில விதியைத் தனியே பாருங்கள்.

ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுவதும் தடை. வேட்டையின்போது ஈயத் தோட்டாவை உடன் வைத்திருப்பதே குற்றம், சுட்டிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்காக வைத்த பக்ஷாட் கார்டு துப்பாக்கியிலேயே ஒட்டியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கிளம்பும் முன் கழற்றி வையுங்கள்.

கேள்வி: தோட்டாக்களைச் சேடிலிலேயே மாதக்கணக்கில் விடலாமா?

அலுமினியம், பிளாஸ்டிக், நைலான் என்றால் விடலாம். அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உடல் நசுங்கியிருந்தால் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது வையுங்கள். தோல் வளையங்களில் மட்டும் விடாதீர்கள். தோல் பதப்படுத்திய ரசாயனம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும், அது சேம்பருக்குள் போனால் சிக்கும்.

சேடிலில் தோட்டா இருந்தால் துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. குழந்தைகள் வந்து போகும் வீட்டில் அந்தத் துப்பாக்கி பூட்டிய சேஃபுக்குள்தான் இருக்க வேண்டும். சேஃப் இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், சேடில் அப்புறம்.