சாஞ்சு நிக்கிற இரும்பு

அண்ணா வணக்கம்,

தண்டையார்பேட்டைல கேட்டு, கிரில் செய்யற பட்டறை வச்சிருக்கேன். நம்ம பையன் ஒருத்தன் போன்ல ஒரு சிலை காட்டினான், ஏதோ வெளிநாட்டு பார்க்கு, மூணு ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்டீல் பிளேட்ட வளைச்சு ஒன்னு மேல ஒன்னு சாச்சு செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. கீழ போர்டுல புருசன் பொண்டாட்டியாம். மூஞ்சி இல்ல, கை கால் இல்ல. இந்த மாதிரி எங்க ஸ்கிராப்புலயே கெடக்குதே, ஏமாத்து வேல தானண்ணா? போட்டோ அனுப்பிருக்கேன்.

ஒரு வாசகன்

தம்பி,

போட்டோ பாத்தேன். மூஞ்சி இருந்தா தான் நெருக்கமா? பிரான்குசின்னு ஒரு ருமேனியா சிற்பி 1907-08ல கல்லுல ஒரு முத்தம் செஞ்சாரு, ரெண்டு பேரும் ஒரே கல்லு. அப்புறம் 1938ல ருமேனியால முத்த வாசல்னு ஒன்னு வச்சாரு, அதோட தூண்ல ஆளே கெடையாது, ஒரு வட்டம், நடுவுல ஒரு கோடு, அவ்ளோ தான்.

இரும்பு சிலை வேலையே உங்க ஆளுங்க கிட்ட இருந்து போனது தான். கோன்சாலஸ்னு ஒரு ஸ்பெயின்காரர் 1918ல பாரிஸ் பக்கம் ரெனால்ட் கார் ஃபேக்டரில கேஸ் வெல்டிங் கத்துக்கிட்டாரு, பத்து வருசம் கழிச்சு பிக்காசோவுக்கு இரும்பு வேலைல கை குடுத்தது அவரு தான். அமெரிக்கால டேவிட் ஸ்மித்னு ஒரு சிற்பி ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரயில் இன்ஜின் கம்பெனில வெல்டரு, பெரம்பூர் லோகோல சொன்னா சந்தோசப்படுவாங்க.

எனக்கு முக்கியமா படறது பெயிண்ட்டு. நமக்கு அது துருவுக்கு, எண்ணூர் உப்புக் காத்துல ரெட் ஆக்சைடு அடிக்காம விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு தெரியாததா. ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கலரு வந்துட்டா வெல்டிங் ஜாயிண்ட்டு, பிளேட் எத்தன எம்எம், எதுவும் கண்ணுல படாது, எது எது மேல சாயுதுன்னு மட்டும் தான் தெரியும். ஆண்டனி கேரோன்னு ஒரு இங்கிலாந்து சிற்பி 1962ல செஞ்ச ஒரு பெரிய ஸ்டீல் சிலைக்கு மொதல்ல பச்ச தான் அடிச்சிருந்தாரு, செவப்பு அடின்னு சொன்னது அவரு பொண்டாட்டி, அவங்களும் ஓவியர்.

இப்ப உங்க போட்டோவ திரும்ப பாருங்க. டாக் வைக்கறதுக்கு, அதாவது பொட்டு பொட்டா வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பிளேட்ட சாய வச்சு ஹெல்ப்பர் கிளவுஸோட புடிச்சிருப்பான்ல, விட்டா ரெண்டும் விழும், அந்த நெலமைல தான் நிக்குது. மேல ஒரு எடத்துல தொடுது, மிச்சம் பூரா சந்து. ஸ்கிராப்புல கெடக்கறது போட்டபடி கெடக்கு, எந்த பிளேட்டும் எதையும் தாங்கல.

புருசன் பொண்டாட்டின்னு போர்டு வச்சது தான் எனக்கு புடிக்கல. தண்ணி அடிச்சுட்டு காசிமேட்டுல இருந்து வீட்டுக்கு வர்ற ரெண்டு ஃபிரெண்டா கூட இருக்கலாம்ல.

ஒன்னு பண்ணுங்க, பின்பக்கம் எடுத்த போட்டோ கெடைக்குதான்னு அந்த பையன தேட சொல்லுங்க. இரும்பு ஆங்கிள் வச்சு முட்டு குடுத்திருந்தா ஒன்ன ஒன்னு தாங்கலன்னு அர்த்தம், அப்ப நீங்க சொன்னது தான், ஏமாத்து வேல.