தங்கமீன் தொட்டிக்கு எந்தக் கல், எந்த மணல்?

கேள்வி: 3 அடித் தொட்டியில் 'ஒராண்டா' வகைத் தங்கமீன்கள் இரண்டு வளர்க்கிறோம். அடியில் பரப்ப நீலக் கூழாங்கல் வாங்கினோம். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. நேற்று ஒரு மீன் வாயில் கல்லோடு வெகுநேரம் தவித்துவிட்டுத்தான் துப்பியது. கல்லில் சாயமும் உரிகிறது. பதிலுக்கு எதை வாங்கலாம்? இதைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: முதலில் கல்லை இன்றே எடுத்துவிடுங்கள். தங்கமீன் அடித்தரையைக் கிளறித்தான் இரை தேடும். வாய் நிறைய அள்ளி, உள்ளேயே சலித்து, தின்ன முடியாததைத் துப்பும். மெல்லிய மணலாக இருந்தால் அதில் ஒரு பகுதி செவுள் வழியாகப் பொலபொலவென உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பட்டாணி அளவுக் கல் வாய்க்குள் எளிதாகப் போய்விடும். உள்ளே புரண்டு குறுக்கே நின்றுவிட்டால் வெளியே வராது. வாய் திறந்தபடியே இருக்கிறதா, தீனியை விட்டு ஒதுங்குகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். அப்படி இருந்தால் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அளவு. 1 மில்லிமீட்டருக்குக் குறைவான, முனை மழுங்கிய மணல் சரி. மீனின் தலையைவிடப் பெரிய உருண்டைக் கல்லும் சரி. இடைப்பட்ட எதையும் வாங்காதீர்கள். எதுவும் பரப்பாமல் வெறும் கண்ணாடியாக விடுவதுதான் செலவே இல்லாத, சுத்தம் செய்ய எளிதான வழி. ஆனாலும் மீன் தன் இயல்பில் கிளறித் தின்ன மணல்தான் நல்லது என்பேன்.

உங்கள் தொட்டியின் அடி 90 x 45 சென்டிமீட்டர் என்றால், 2 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 12 கிலோ மணல் பிடிக்கும். அதற்குமேல் ஆழம் வேண்டாம்: அடியில் காற்றுப் புகாமல் அழுகி, அழுகிய முட்டை வாடை வரும். கறுப்பு நிறத்தில் விற்கும் செடி மண் தங்கமீனுக்கு ஒத்துவராது. அது தொடக்கத்தில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை வெளியிடும், மீன் கிளறக் கிளறச் சேறாகும். பவளத்தூள், கடற்கரை மணல் இரண்டும் நீரின் கடினத்தன்மையைக் கூட்டிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

மணலை வாளியில் 2 கிலோ, 2 கிலோவாகப் போட்டு, கலங்கல் தெளியும்வரை அலசுங்கள். அலசிய நீரைக் கழிவறைத் தரைக் குழியில் அப்படியே ஊற்றாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அடைத்துக்கொண்டால் பெரும்பாடு. பழைய துணியில் வடித்து, தங்கும் மணலைக் குப்பையில் போடுங்கள்.

கல்லை எடுக்கும்போது மீன்களைத் தொட்டி நீரிலேயே வேறொரு வாளியில் காற்றுக்குழாயோடு வையுங்கள். கல்லோடு, அம்மோனியாவைச் சிதைத்து நன்மை செய்யும் நுண்ணுயிரிகளும் போய்விடும் என்பதால், அந்த வாரம் வடிகட்டியின் பஞ்சைக் கழுவ வேண்டாம். தீனியைப் பாதியாக்கி, அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள். புதிதாக ஊற்றும் குழாய்நீரில், கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கும். ஓர் இரவு திறந்து வைத்தால் அது போகாது. குளோரமினையும் நீக்கும் என்று போத்தலில் எழுதியிருக்கும் மருந்தையே பயன்படுத்துங்கள். மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக நீரை ஊற்றினால் கலங்காது. வடிகட்டியின் உறிஞ்சுகுழாய் மணலுக்கு 5 சென்டிமீட்டருக்கு மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் மணல் போய்த் தேய்த்துவிடும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: சிங்கப்பூரில் குறையுள்ள பொருள்களுக்கான 'லெமன் சட்டம்' எனப்படும் விதிப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், அப்படி இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர். சாயம் உரிவது குறைதான். உரிந்த கல்லைப் படமெடுத்து, ரசீதோடு போய் மாற்றித் தரும்படி கேளுங்கள். தங்கமீனுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். மாற்றிக் கொடுக்க முடியாவிட்டால் விலையைக் குறைத்தோ பணத்தைத் திருப்பியோ தரும்படி கேட்கலாம். அங்கேயே மணல் வாங்குவதாக இருந்தால், பையில் மணல் துகளின் அளவு மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.