ஐஸ் பெட்டி மீனும் உறைய வைத்த கருவும்

கேள்வி: பாம்பனில் இருந்து எழுதுகிறேன். வயது 34. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மதுரையில் எட்டு மாதங்களுக்கு முன் உறைய வைத்த ஒரே ஒரு கரு இருக்கிறது. சீட்டில் '4 பி சி' என்று எழுதியிருக்கிறார்கள். "சி என்றால் மட்டம், ஐஸில் கிடக்கும் மீன் மாதிரி நாளாக நாளாகக் கெட்டுவிடும்" என்கிறார் நாத்தனார். கர்ப்பப்பையில் வைக்கலாமா, டாக்டரம்மா?

பதில்: நாத்தனாருக்கு மீன் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஐஸ் பெட்டியில் கெடுவது தாமதமாகுமே தவிர நிற்காது. கரு இருப்பதோ மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். எட்டு மாதம் அங்கே ஒரு பொருட்டே அல்ல.

இனி அந்தச் சீட்டு. 4 என்பது கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்ற அளவு. 6 வரை உண்டு. நான்கு நல்ல விரிவுதான். அடுத்த இரண்டும் தர எழுத்துகள்; 'ஏ' தான் மேல். 'பி' என்பது குழந்தையாக வளரும் உள் உயிரணுத்திரளுக்கு. 'சி' நஞ்சுக்கொடியாகும் வெளிச்சுவருக்கு. அங்கே உயிரணுக்கள் குறைவு. 'ஏ ஏ' கருவைவிட இது ஒட்டும் வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இது தோற்றத்துக்குப் போட்ட மதிப்பெண். குரோமோசோம் சரியா என்பதை நுண்ணோக்கி சொல்லாது. முட்டை எடுத்தபோது இருந்த வயதுக்கே அதில் பங்கு அதிகம். அழகான கரு ஏமாற்றியதையும், 'சி' கரு பிள்ளையாகப் பிறந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வைக்கலாம். உருக்கிய பின் கரு மறுபடி விரிந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். பிறகு கட்டிலில் கிடக்க வேண்டாம், அதனால் பலன் கூடுவதில்லை. பஸ்ஸிலேயே பாம்பன் பாலம் ஏறி வீட்டுக்குப் போங்கள்.