பேஜில் பத்து மணி, மானுமென்ட் வேலியில் பதினொன்று

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு அரிசோனா போகிறோம், மாமியாருக்கு மூட்டுவலி, மகளுக்கு ஆறு வயது. பேஜ் ஊரில் தங்கி காலை 10 மணிக்கு அன்டலோப் கேன்யன், பிற்பகல் 3 மணிக்கு மானுமென்ட் வேலியில் ஜீப் டூர். நேரம் போதுமா? தேசியப் பூங்கா பாஸ் செல்லுமா? நவாஹோ வரலாறும் பார்க்க ஆசை.

பாஸ் செல்லாது. அது மத்திய அரசின் பூங்காக்களுக்கானது. இந்த இரண்டும் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவாஹோ மக்களின் நிலம். கட்டணம் வாங்குவது அவர்களுடைய அரசு, அதுவும் தலைக்கு இவ்வளவு என்று.

நேரமும் போதாது. கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றாது, நவாஹோ நாடு ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும். அன்டலோப் நவாஹோ நிலம்தான், ஆனாலும் டூர்காரர்கள் பேஜ் நேரத்தையே பின்பற்றுகிறார்கள். மானுமென்ட் வேலியில் நவாஹோ நேரம். பதினொன்றரைக்கு டூர் முடிந்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் உங்கள் கணக்கில் ஒன்றரை, அங்கே இரண்டரை. சாப்பிட உட்கார்ந்தால் ஜீப் போய்விடும். ஐந்து மணிக்கு மாற்றுங்கள்.

இதற்குள் இன்னொரு விலக்கு. நவாஹோ நிலத்தின் நடுவே இருக்கும் இன்னொரு பூர்வகுடியான ஹோபி மக்கள் அரிசோனா நேரத்தில் இருக்கிறார்கள். நவாஹோ ஊரான டியூபா சிட்டியை ஒட்டியே ஹோபிகளின் மொயன்கோப்பி; பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரு மணி வித்தியாசம். 264ஆம் சாலையில் கிழக்கே போனால் நேரம் பின்னால் போய் மறுபடி முன்னால் வரும். எல்லையில் கைபேசியும் குழம்பும். தானியங்கி நேரத்தை நிறுத்தி, அரிசோனா தலைநகர் பீனிக்ஸின் நேரம் வையுங்கள். ஒரே மாநிலத்துக்குள் இப்படி வைத்துவிட்டு, வருகிறவன் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

டிக்கெட்டை இடைத்தரகர் இணையதளங்களில் வாங்காதீர்கள். கமிஷன் வைத்து விற்பார்கள். மழையால் டூர் ரத்தானால் பணத்துக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது. நவாஹோ பூங்காத் துறையின் தளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அவர்களிடமே நேராக முன்பதிவு செய்யுங்கள். அன்டலோப்பில் எந்தக் கேன்யன் என்றும் பாருங்கள். கீழ்க் கேன்யனில் செங்குத்தான இரும்பு ஏணிகள், மாமியாருக்கு ஆகாது. மேல் கேன்யன் தரைமட்டம், ஆனால் திரும்பும் வழியில் படிகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் வண்டியில்தான் போக வேண்டும், மகளின் கார் சீட்டை மறக்காதீர்கள். ஜூலை மழைக்காலம், ரத்து என்றால் வாதாடாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்க் கேன்யனில் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது எங்கோ தொலைவில்.

வரலாற்றுக்கு மறுநாள் சின்லே ஊரை ஒட்டிய கேன்யன் டி ஷே பள்ளத்தாக்குக்குப் போங்கள், மானுமென்ட் வேலியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். 1864இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை இங்கே நவாஹோக்களின் வீடுகளையும் வயல்களையும் எரித்தது. அதே ஆண்டு பீச் மரங்களும் வெட்டப்பட்டன. ஆயிரக்கணக்கானோரை நியூ மெக்ஸிகோவின் ஃபோர்ட் சம்னருக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். 1868 ஜூன் 1 ஒப்பந்தத்துக்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். பள்ளத்தாக்கின் விளிம்புச் சாலைகளில் கட்டணமில்லாமல் காரிலேயே சுற்றலாம்; கீழே இறங்க நவாஹோ வழிகாட்டி வேண்டும். பார்வையிடங்களில் பை, கேமராவைக் காருக்குள் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.