அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி கால்பந்து அணியைப் பின்தொடர்கிறேன். ‘கான்ஃபரன்ஸ் சீசன்’ என்றால் என்ன?

கருத்தரங்கு இல்லை, ஒரே வட்டாரத்துக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து பக்கத்து நெஸ்காக் (NESCAC) லீக்கையே பாருங்கள். ஆம்ஹர்ஸ்ட், டஃப்ட்ஸ், வில்லியம்ஸ் என 11 கல்லூரிகள். ஒவ்வொன்றோடும் ஒரே ஆட்டம், ஆக 10தான். அதனால் ஒரு டிரா கூட வலிக்கும். அப்புறம் நாக்-அவுட், அதில் ஜெயித்தால் தேசியப் போட்டிக்கு நேரடி இடம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இது மூன்றாம் டிவிஷன், அதாவது மூன்றாவது பிரிவு என்பதால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனால் தரத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள்: 2021 ஆண்கள் தேசிய இறுதியாட்டத்தில் மோதிய இரண்டுமே நெஸ்காக் அணிகள். பெனால்டியில் ஆம்ஹர்ஸ்டை வென்றது கனெக்டிகட் கல்லூரி.

முதலில் கடிகாரம்தான் குழப்பும். ஒவ்வொரு பாதியிலும் 45:00-லிருந்து கீழே இறங்கும், கோல் விழுந்தால் நிற்கும். பூஜ்யம் வந்தால் சரி, அந்தப் பாதி முடிந்தது. 2022 முதல் லீக் ஆட்டங்களில் கூடுதல் நேரமும் இல்லை.