பழைய கார்களின் கறள் பிடித்த சில்லு நட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் என் தகப்பனார் வாங்கிய மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று உள்ளது. பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் நகருக்கு அடிக்கடி ஓடுகின்றேன். அண்மையில் சில்லு மூடிகளைக் கழற்றிப் பார்த்தபோது நட்டுகள் எல்லாம் கறள் ஏறி இருந்தன. சிலவற்றின் மூலைகளும் மழுங்கிவிட்டன. கழிவறை கழுவும் அமிலத்தில் ஊறவைத்து எடுத்து, வெள்ளி நிற ஸ்பிரே அடித்தால் புதிது போலாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் கூறுகின்றார். அவ்வாறு செய்யலாமா?
– வாசகர் ஒருவர், வேலணை

பதில்: கறளை நீக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் அந்த அமிலமும் வேண்டாம், நட்டு முழுவதற்கும் ஸ்பிரேயும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் உண்டு.

உங்கள் காரின் நட்டு ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு முனை ஸ்பனர் பிடிக்கும் அறுகோணமாகவும், மறு முனை கூம்பாகச் சரிந்தும் இருக்கும். அந்தக் கூம்பு, சில்லின் துளையில் உள்ள சரிவிலே போய் அமர்ந்துதான் சில்லை நடுநிலைப்படுத்துகின்றது. நட்டை இறுக்கும்போது, அது திருகி ஏறும் மரைத் தண்டு மிகச் சிறிதளவு இழுபட்டு நீள்கின்றது. அந்த இழுவிசையே சில்லை அச்சோடு அழுத்திப் பிடித்திருக்கின்றது. கூம்புக்கும் சில்லுக்கும் இடையே பெயின்ற் படலம் இருந்தால், முதல் நாள் நட்டு இறுக்கமாக இருப்பதாகவே தோன்றும். ஓட ஓட, வெப்பத்தாலும் அதிர்வாலும் அந்தப் படலம் நசிந்து வெளியேறும். படலம் போன அளவுக்குத் தண்டின் இழுவிசையும் குறையும். அதன் பிறகு சில்லு ஆடத் தொடங்குவதற்கு அதிக தூரம் வேண்டியதில்லை. ஆகவே நட்டின் வெளிப்புறத்துக்கு என்ன பூசினாலும், கூம்பிலும் மரையிலும் பெயின்ற் படவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யாதீர்கள்.

அமிலத்தைப் பொறுத்தவரை, கழிவறை கழுவ விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை ஐதரோகுளோரிக் அமிலம் கொண்டவை. அது கறளை விரைவாகவே கரைக்கும். ஆனால் கறளுக்கு அடியிலுள்ள நல்ல இரும்பையும் அரிக்கும். நட்டின் குழிகளுக்குள் குளோரைட்டை விட்டுச் செல்லும். உப்புக் காற்றில் உள்ள அதே குளோரைட்டுத்தான் கறளை வளர்ப்பது என்பதால், கழுவி முடித்த மறுநாளே செம்மஞ்சள் நிறம் திரும்புவதைக் காண்பீர்கள். அதன் ஆவி கொட்டிலில் தொங்கும் மற்றைய ஸ்பனர்களையும் கறள் பிடிக்கச் செய்துவிடும். மேலும், வன்மையாக்கப்பட்ட உருக்கு வலிய அமிலத்தில் ஊறும்போது ஐதரசன் உலோகத்துக்குள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாமல், பாரம் ஏறிய பின்னர் வெடிப்பு விடும் குறைபாடு அது.

இனிச் செய்ய வேண்டியதைக் கூறுகின்றேன். முதலில் கழற்றும் வேலை. கறள் ஏறிய நட்டுகளுக்கு முதல் நாள் மாலையிலேயே ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் மீண்டும் ஒருமுறை விடுங்கள். ஆறு முகங்களையும் முழுமையாகப் பிடிக்கும் அங்குல அளவுச் சொக்கெற்றையே பயன்படுத்துங்கள். இன்று எல்லோரிடமும் இருப்பவை மில்லிமீற்றர் ஸ்பனர்கள். ஏறத்தாழப் பொருந்தும் ஒன்றைப் போட்டுத் திருகியதன் விளைவாகத்தான் உங்கள் நட்டுகளின் மூலைகள் மழுங்கியிருக்கும் என்று எண்ணுகின்றேன். தீச்சுவாலையால் சூடாக்கிக் கழற்ற முயல வேண்டாம். ரயர் பூட்டிய சில்லுக்கு அருகே நெருப்பு மிகவும் ஆபத்தானது. சில பழைய கார்களில் இடப்பக்கச் சில்லுகளுக்கு எதிர்த்திசை மரை வெட்டப்பட்டிருக்கும் என்பதையும் வேறு கார் வைத்திருக்கும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றை வழக்கமான திசையில் திருகினால் மேலும் இறுகி, இறுதியில் தண்டு முறியும்.

காரை ஜக்கில் தூக்கி, நான்கு சில்லுகளையும் ஒரே நேரத்தில் கழற்றி வைக்க வேண்டிய தேவை இல்லை. நல்ல நிலையிலுள்ள மாற்று நட்டுகள் நான்கு கையில் இருந்தால், கார் சமதரையில் நிற்கும்போதே, ஒரு சில்லில் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் மாற்று நட்டைப் பூட்டி, பிறகு அடுத்ததற்குப் போகலாம். காரை அடுக்கிய சீமெந்துக் கல்லின் மேல் நிறுத்திவிட்டு வேலை செய்யும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது. அந்தக் கல் எச்சரிக்கை எதுவும் இன்றி உடையக்கூடியது. தயவுசெய்து அதனைக் கைவிடுங்கள்.

கழற்றிய நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கிய பிறகு, ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யுங்கள். மூலை மழுங்கியவை, கூம்பில் ஆழமான குழி விழுந்தவை, மரை கிழிந்தவை ஆகியவற்றை எவ்வளவு மினுக்கினாலும் பயனில்லை. அவற்றை எறிந்துவிட வேண்டும். உங்கள் காரின் தண்டு 3/8 அங்குல விட்டம் உடையது. ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். நல்ல நட்டு, சுத்தம் செய்த தண்டில் விரலால் திருகியபடியே கடைசி வரை ஏற வேண்டும். இறுகத் தொடங்குமுன் குறைந்தது 9 முழுச் சுற்றாவது சுற்ற வேண்டும். தண்டின் விட்டத்துக்கு நிகரான நீளத்துக்கு மரை பிடித்திருக்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம்.

இங்கே நம் குடாநாட்டுக்கே உரிய ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வராமற்போன காலத்தில், பெற்றோலைச் சில துளிகள் காட்டி இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. அன்று ஒரு நட்டுத் தொலைந்தால் பொருந்துவது எதுவோ அதுவே பூட்டப்பட்டது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த நட்டுகள் இன்னும் பல கார்களில் இருக்கின்றன. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீற்றர். மரை நெருக்கமாக வெட்டப்பட்ட 10 மில்லிமீற்றர் நட்டு அதன்மேல் தளர்வாக ஏறும். சற்று இறுகுவது போலவும் காட்டும். ஆனால் மரையின் நுனியை மட்டுமே பிடித்திருக்கும். ஆகவே ஒவ்வொரு நட்டையும் ஒரே தண்டில் ஏற்றிப் பாருங்கள். ஆட்டினால் கடகடவென்று ஆடுவது எதுவோ, அது உங்கள் காருக்கு உரியது அன்று.

கறளை நீக்குவதற்கு வீட்டிலுள்ள வினாகிரி போதும். நட்டுகள் மூழ்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்ரிக் பாத்திரத்தில் ஊற்றி, இரவு முழுவதும் விட்டு, காலையில் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். கறள் கருஞ்சேறாகக் கழன்று வரும். மிச்சம் இருந்தால் மேலும் சில மணி நேரம் விடலாம். நாட்கணக்கில் மறந்துபோய் விட்டுவிடக் கூடாது. பிறகு அப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்து அமிலத்தை முறிக்க வேண்டும்.

கடைசியாகக் கழுவும் நீரில்தான் பலருடைய உழைப்பு வீணாகின்றது. தீவகத்திலும் கரையோரங்களிலும் கிணற்று நீர் உவராக இருப்பதால், அந்த நீரிலேயே அலசி எடுத்தால் நீக்கிய உப்பை நாமே திரும்பப் பூசுகின்றோம். சேமித்த மழைநீரைச் சூடாக்கிப் பயன்படுத்துங்கள். அது இல்லையேல் எரிபொருள் நிலையங்களில் போத்தலில் விற்கும் பற்றரித் தண்ணீரை வாங்குங்கள். அது வடித்த நீர். பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாமல் போத்தலின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம். சூடான நீரில் இருந்து எடுத்த நட்டு விரைவில் உலரும். உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். ஈரமாக விட்ட நட்டில் சில நிமிடங்களுக்குள்ளேயே மெல்லிய கறள் படியும்.

இனிப் பூச்சுக்கு வருவோம். மொறிஸ் மைனரில் சில்லு மூடி நட்டுகளை முழுவதும் மறைத்துவிடுகின்றது. வெளியே தெரியாத நட்டுக்கு வெள்ளி நிறம் எதற்கு? பொஸ்போரிக் அமிலம் அடங்கிய கறள் மாற்றியை மெல்லியதாகப் பூசித் துடைத்தால், இரும்பின் மேற்பரப்பில் சாம்பல் கலந்த கருநிறப் பொஸ்பேற்றுப் படை உண்டாகும். அறுகோண முகங்களில் ஒரு துளி எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டால் அதுவே போதுமானது. உலர்ந்ததும் தோல் போலப் படலம் விடும் வகைக் கறள் மாற்றிகளும் விற்பனையில் உள்ளன. அவற்றைக் கூம்பில் பூச வேண்டாம். பணம் செலவழிக்க முடியுமானால், துத்தநாக மின்முலாம் இன்னும் சிறந்தது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவிலேயே இருப்பதால் மரையை அடைக்காது. தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். உருகிய துத்தநாகத்தில் தோய்க்கும் முறை வேறு. வேலிக் கம்பிகளுக்குச் செய்யப்படும் அந்தத் தடித்த பூச்சு மரைக்குள் இறங்கினால் நட்டு ஏறாது.

பூட்டுமுன் தண்டுகளையும் சில்லின் சரிவுகளையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். துளையின் சரிவு நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் சில்லையே மாற்ற வேண்டும். நட்டுகளைக் கையால் ஏற்றிய பிறகு எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள். இத்தகைய 3/8 அங்குலத் தண்டுக்கு ஏறத்தாழ 40 முதல் 45 இறாத்தல்-அடி முறுக்குவிசை போதும். உங்கள் காரின் கைந்நூலில் உள்ள அளவு கிடைத்தால் அதனையே பின்பற்றுங்கள். ரயர் கடைகளில் காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுக்க இடம் கொடாதீர்கள். பருத்தித்துறைக்கு ஒருமுறை போய்த் திரும்பிய பிறகு, சில்லுகள் ஆறியதும் எல்லா நட்டுகளையும் மீண்டும் சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் பழைய காரின் சில்லுகளுக்கு மூடி இல்லை, நட்டுகள் வெளியே தெரிகின்றன. அவை முனை மூடிய குரோம் நட்டுகள். குரோம் பொக்களித்து உரிகின்றது. அரத்தாளால் தேய்த்துக் கறுப்புப் பெயின்ற் அடிக்கலாமா?
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: முதலில் அவை எந்த வகை என்று பாருங்கள். ஒரே துண்டு உருக்கில் செய்து குரோம் பூசியவை ஒரு வகை; சாதாரண நட்டின் மேல் மெல்லிய தகட்டு மூடியைப் பொருத்தியவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில், தகட்டுக்கும் நட்டுக்கும் இடையே நீர் புகுந்து கறள் வளரும்போது தகடு வெளியே உப்பும். சொக்கெற் ஏறாது, அல்லது ஏறி வழுக்கும். அவற்றைப் பழுது பார்க்க வேண்டாம், புதியன வாங்குங்கள்.

ஒரே துண்டாக உள்ளவை என்றால், பொக்களித்த குரோமின் மேல் எந்தப் பெயின்றும் நிலைக்காது. அதனைக் கிரைண்டரில் தேய்த்துத் தூசியாக்கிச் சுவாசிப்பதும் நல்லதன்று. முலாம் பூசும் தொழிலகத்தில் பழைய பூச்சைக் கழற்றச் சொல்வதே பாதுகாப்பு. மறுபடியும் குரோம் வேண்டுமானால், அடியில் நிக்கல் படை நன்றாக இடப்பட வேண்டும் என்று கேளுங்கள். குரோம் படை மிக மெல்லியது. நுண்ணிய வெடிப்புகள் உடையது. நீரைத் தடுப்பது உண்மையில் அதன் கீழுள்ள நிக்கலே. வன்மையான நட்டுகளாயின், முலாம் பூசிய உடனேயே ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் சில மணி நேரம் சூடேற்றி ஐதரசனை வெளியேற்றும் வழக்கம் அங்கே உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

பூச்சைக் கழற்றிய பிறகு கறுப்பே போதும் என்று நீங்கள் முடிவு செய்தால், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தடித்த மட்டைப் பெட்டி ஒன்றில் கூம்பு மட்டும் இறுக்கமாகப் புதையும் அளவுக்குத் துளைகள் இட்டு, நட்டுகளைக் கூம்பு கீழாகச் செருகுங்கள். அறுகோணமும் மூடிய தலையும் மட்டும் மேலே தெரியும்; கூம்பும் மரையும் மட்டைக்குக் கீழே பத்திரமாக இருக்கும். துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு ஒன்றும், அதன் மேல் வெப்பம் தாங்கும் எனாமல் இரண்டு மெல்லிய படைகளும் போதும். தடிப்பாக ஒரே முறையில் அடித்தால் சொக்கெற் பட்டதும் செதிலாக உரியும். சோளகம் வீசும் நாட்களில் புழுதி ஒட்டும், கார்த்திகை மழையில் பூச்சு மங்கும். காற்று அடங்கிய காலை வேளையைத் தெரிவு செய்யுங்கள். நன்கு காய ஒரு வாரம் விட்டுவிட்டு, சொக்கெற்றுக்குள் மெல்லிய துணியை வைத்து இறுக்குங்கள்.

கேள்வி: மீண்டும் கறள் பிடிக்காதிருக்க, மரையில் கிறீஸ் பூசிவிடலாமா?
– வாசகர் ஒருவர், சுண்ணாகம்

பதில்: கைந்நூல்களில் தரப்படும் முறுக்குவிசை அளவு, வேறு குறிப்பு இல்லாவிட்டால், உலர்ந்த மரைக்கு உரியது. கிறீஸ் பூசிய மரையில் உராய்வு குறைவதால், அதே அளவுக்குத் திருகினாலும் தண்டு அதிகமாக இழுபடும். பல ஆண்டுகள் கண்ட பழைய தண்டு முறிந்தும் போகலாம். கூம்பில் கிறீஸ் பட்டால் இன்னும் மோசம். எண்ணெய் தோய்ந்த துணியால் தண்டைத் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் மறுபடியும் துடையுங்கள்; மரையின் அடியில் எஞ்சும் சாயல் போதுமானது. ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், நட்டுகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி: கறளே பிடிக்காத எவர்சில்வர் நட்டுகளைக் கடையில் காட்டுகின்றார்கள். வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: சில்லுகளுக்கு என்றே செய்யப்பட்டு, கூம்பின் கோணமும் மரையின் அளவும் உங்கள் காருக்குப் பொருந்துவதாக எழுத்தில் உறுதி தரப்பட்டால் மட்டும் வாங்குங்கள். பொதுவான எவர்சில்வர் நட்டுகள் அடிப்பக்கம் தட்டையானவை. கூம்புச் சரிவில் அவை விளிம்பால் மட்டுமே அமரும். மேலும் எவர்சில்வர் மரைகள் இறுக்கும்போது ஒன்றோடொன்று உரசிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையன. வழியில் ரயர் காற்றுப் போன வேளையில் அப்படிப் பற்றிய நட்டைக் கழற்ற நேர்ந்தால், தண்டை வெட்டுவதைத் தவிர வேறு வழி இராது.