சூப்பர் நேப்பியர் 12 அடி வளர்ந்தும் பால் ஏறவில்லையே?

கேள்வி: ஐயா வணக்கம். எங்கள் ஊர் வெள்ளக்கோவில் பக்கம். 3 ஜெர்சி கலப்பின மாடுகள் கறவையில் இருக்கின்றன. போன வருடம் சூப்பர் நேப்பியர் தீவனப்புல் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) வாங்கி 30 சென்டில் நட்டேன். சொட்டுநீர் போட்டிருக்கிறேன். புல் 12 அடிக்கு மேல் போகிறது. ஆனால் மாடு தழையை உருவித் தின்றுவிட்டுத் தட்டை ஒதுக்கிவிடுகிறது. பாலும் ஏறவில்லை. பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு தவிர்த்த மற்ற திடச்சத்து) குறைவு என்று விலையைக் குறைக்கிறார்கள். இதை உழுதுவிட்டு கோ-5 ரகப் புல் நட்டால் சரியாகுமா? மானாவாரி நிலம் 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது, அதில் என்ன போடலாம்?

பதில்: உழுதுவிடாதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை அறுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 12 அடி என்று எழுதியதிலேயே தெரிந்துவிட்டது. 45 நாளில் அறுக்க வேண்டிய புல்லை 80, 90 நாள் வரை விட்டிருக்கிறீர்கள்.

ஒன்று செய்து பாருங்கள். நிற்கிற புல்லில் ஒரு தட்டை அடியோடு அறுத்து, இரண்டாவது கணுவுக்கு மேலே கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்காது. அரிவாளால் குறுக்கே சீவினால் கரும்புச் சக்கை மாதிரி நார் நிற்கும். அப்புறம் வரப்போரத்தில் முன்பே அறுத்துத் துளிர்த்த தூர் ஏதாவது இருந்தால், அதன் தட்டிலும் நகத்தை வைத்துப் பாருங்கள். பதியும், சாறு கசியும். உங்கள் மாடு ஒதுக்குவது முதல் தட்டைத்தான்.

எஸ்.என்.எஃப். விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். புல் முற்ற முற்ற நார் கெட்டியாகும், புரதம் இறங்கும், செரிமானம் குறையும். தொட்டி நிறையப் போட்டாலும் மாட்டுக்கு உள்ளே போகிற சத்து போதாது. பாலில் கொழுப்பு குறைந்தால் நார்த்தீவனம் போதுமா என்று முதலில் பார்ப்போம். எஸ்.என்.எஃப். மட்டும் குறைந்தால் மாவுச்சத்தும் புரதமும் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, வெளியே தெரியாத மடிநோய் இருந்தாலும் எஸ்.என்.எஃப். குறையும். கால்நடை மருத்துவரிடம் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள். பழியை முழுக்கப் புல்மேல் போட வேண்டாம்.

ரகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சூப்பர் நேப்பியர் என்று இங்கே விற்பது தாய்லாந்தின் பாக்சோங்கிலிருந்து வந்த ரகம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் கோ-4, 2012-ல் கோ-5 வெளியிட்டது. மூன்றுமே கம்பையும் யானைப்புல்லையும் ஒட்டுச் சேர்த்து வந்தவைதான். புதிதாக நடுகிறவர் கேட்டால், தூர் நிறைய வெடிக்கிறது, தண்டு மென்மை என்பதற்காகக் கோ-5 நடச் சொல்வேன். நன்றாக நிற்கிற பயிரை அழித்துவிட்டு நடச் சொல்ல மாட்டேன். கோ-5-ஐயும் 90 நாள் விட்டால் இதே கதைதான். இந்த ஒட்டுப்புல் எதுவும் விதை பிடிக்காது, கரணையில்தான் வரும். பாக்கெட்டில் சூப்பர் நேப்பியர் விதை என்று யாராவது விற்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி அறுப்பு முறைக்கு வருவோம். 30 சென்டையும் 9 பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்தியை 5 நாள் அறுத்தால், ஒன்பதாவது முடியும்போது முதல் பாத்திக்கு 45 நாள் ஆகியிருக்கும். தினமும் ஒரே பதத்தில் புல் கிடைக்கும். அளவும் போதும். பல்கலைக்கழகக் கணக்கில் ஏக்கருக்கு வருடம் 150 டன் வரும் என்கிறார்கள். நம் கிணற்றுத் தண்ணீருக்கு அதில் பாதி என்றே வைப்போம். அப்படியும் 30 சென்டில் நாளைக்கு 60 கிலோ, மாட்டுக்கு 20 கிலோ ஆகிறது.

அறுக்கும்போது தரையிலிருந்து அரைச் சாண் விட்டு ஒரே மட்டமாக அறுங்கள். குனிய அலுத்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் வெட்டினால் பக்கக்கணுவில் சோனித் துளிர்தான் வரும், அடித்தூர் வெடிக்காது. ஒரு பாத்தி அறுத்து முடிந்ததும் அதற்கு 2 கிலோ யூரியா வைத்துத் தண்ணீர் விடுங்கள். தொழுவம் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டால் யூரியாவைக் கொஞ்சம் குறைக்கலாம். புல் இன்னும் கருகருவென்று வரட்டும் என்று இடையில் மறுபடி யூரியா போட்டு, அடுத்த வாரமே அறுத்துப் போடுவது ஆபத்து. தண்ணீர் பற்றாத கோடையில் அப்படிச் செய்தால் புல்லில் நைட்ரேட் தேங்கி மாட்டையே சாய்த்துவிடும்.

இப்போது நிற்கிற முற்றல் தட்டை வீணாக்காதீர்கள். கரணைக்கு அந்த வயதுதான் சரி. இரண்டு கணு இருக்கும்படி நறுக்கி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி இடைவெளி விழுந்த இடத்தில் ஊன்றுங்கள். மீதியைச் சாஃப் கட்டரில் ஓர் அங்குலமாக நறுக்கி, இளம்புல்லோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடுங்கள்.

சரி, 45 நாள் புல்லாக இருந்தாலும் அதை மட்டும் போட்டுக் கறக்க முடியாது. நேப்பியரில் ஆக்சலேட் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் கறவை மாட்டுக்குத் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். கன்று ஈன ஒரு மாதம் இருக்கும் மாட்டுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 20 கிலோ புல்லோடு 5 கிலோ வேலிமசால் (புரதம் மிகுந்த பயறுவகைத் தீவனம்) சேர்த்தால் புரதத்துக்குப் பிண்ணாக்குச் செலவும் குறையும். கிணற்றடியில் 10 சென்ட் ஒதுக்கினால் 800 கிராம் விதை போதும். அதன் விதைத்தோல் கடினம், அப்படியே போட்டால் பாதி முளைக்காது. கொதித்த தண்ணீரை இறக்கி நான்கு நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையை மூன்று நான்கு நிமிடம் போட்டு வடித்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள். முதல் அறுப்புக்கு 90 நாள் ஆகும், அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை. புல்லோடு சோளத்தட்டோ கடலைக்கொடியோ 5 கிலோ போடுவதையும் நிறுத்திவிட வேண்டாம்.

அந்த 2 ஏக்கரில் நேப்பியர் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அது தண்ணீர் குடிக்கிற பயிர். உங்கள் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் காடுகளில்) கிளுவை வேலிக்குள், வெள்வேல நிழலில் தலைமுறையாக நிற்கிற கொழுக்கட்டைப் புல்லே அந்த நிலத்துக்குச் சரி. ஐப்பசி மழைக்கு முன் ஏக்கருக்கு 3 கிலோ விதை, கூடவே பயறுவகைத் தீவனமான முயல்மசால் கொஞ்சம் தூவுங்கள். விதை வாங்கும்போது எப்போது அறுவடை செய்தது என்று கேளுங்கள். புதுக் கொழுக்கட்டை விதை ஆறு முதல் எட்டு மாதம் உறங்கும், ஆவணியில் அறுத்ததை ஐப்பசியில் விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.